இதுவரை வாசித்ததில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த கிட்டார் எது?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

"சொந்தமாக வைத்திருந்தது, இரவல் வாங்கியது, பத்தே நிமிடம் தொட்டுப் பார்த்தது, எதுவானாலும் சரி. இதுவரை வாசித்ததில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த கிட்டார் எது? ஒன்றுதான் சொல்ல வேண்டும். 'ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் பிடிக்கும்' என்று நழுவக் கூடாது."

ஜனவரி 9, இரவு

செமி ஹாலோ, அதாவது உடலைப் பாதி குடைந்த எலெக்ட்ரிக் கிட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்பு நிறம், இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் ஒரு வகை), கிப்சன் இஎஸ்-335 ஜாடை. அந்த வடிவம் 1958-இல் வந்தது. அதன் சூட்சுமம் வயிற்றுக்குள் இருக்கிறது. வெளியே வயலின் போல எஃப் துளைகள், உள்ளே நடுவில் நீளவாக்கில் ஒரு மரக்கட்டை. முழுக்கக் குடைந்த கிட்டாரை ஆம்ப் (ஒலிபெருக்கி) பக்கத்தில் கொண்டுபோனால் ஊளையிடும். கட்டை அதை அடக்குகிறது, இரண்டு பக்கமும் விட்டிருக்கும் காலியிடம் ஒலிக்குக் கொஞ்சம் மூச்சு கொடுக்கிறது. கழுத்துப் பக்கப் பிக்கப்பில் வைத்து, டோன் குமிழைப் பாதிக்குத் திருப்பிவிட்டால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறது. முடிந்தது விஷயம்.

ஜனவரி 10

முடியவில்லை. இன்று காலை மண்டைக்குள் ஒரு மெட்டு ஓடியது. மறப்பதற்குள் வாசித்துப் பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினேன். கையில் வந்தது செமி ஹாலோ இல்லை, சோபா ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் பழைய அக்கூஸ்டிக். செமி ஹாலோ பெட்டிக்குள், பெட்டி கட்டிலுக்கடியில், பெட்டிக்கு முன்னால் ஒரு சூட்கேஸ்.

ஜனவரி 12

அந்த அக்கூஸ்டிக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகன் வேலை கிடைத்துக் கிளம்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. பெயர் ஒட்டியிருந்த இடத்தை யாரோ சுரண்டிவிட்டார்கள், அதனால் என்ன கம்பெனி என்று அண்ணனுக்கும் தெரியாது. மேல்பலகை பிளைவுட். விஷயம் தெரிந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார்கள். முழுமரப் பலகையாக இருந்தால் வாசிக்க வாசிக்க ஒலி திறக்கும் என்பார்கள். இது திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. வந்த அன்று எப்படிக் கத்தியதோ இன்றும் அப்படித்தான்.

அப்படியிருக்க, கை ஏன் அங்கே போனது? நேற்று இரவு டார்ச் அடித்து எல்லாக் கிட்டார்களின் ஃபிரெட்டுகளையும், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை, பார்த்தேன். வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும், உலோகம் தேய்ந்தது தேய்ந்ததுதானே.

அக்கூஸ்டிக்கில் முதல் ஃபிரெட்டில், இரண்டாம் தந்திக்கு நேர் கீழே, நகம் வைத்தால் தட்டுப்படும் பள்ளம். சி மேஜர், ஏ மைனர் இரண்டிலும் ஆள்காட்டி விரல் அமர்வது அங்கேதான். இரண்டாம் ஃபிரெட்டில் மூன்றாம் தந்தியின் கீழ் இன்னொன்று. மூன்றாவதில் கீழ் இரண்டு தந்திகளுக்கும், அது ஜி, டி கார்ட்களின் உபயம். சுற்றாத மெல்லிய எஃகுத் தந்திகள் நூல் போலக் குறுகலாக அறுக்கும், சுற்றிய தடித்த தந்திகள் அகலமாக அரத்தால் தேய்த்தது போலத் தேய்க்கும். இரண்டு விதத் தடமும் இருக்கிறது. ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே பளபளவென்று புத்தம் புதுசு. நான் எப்பேர்ப்பட்ட வித்வான் என்பதை என் கிட்டாரே எழுதி வைத்திருக்கிறது.

செமி ஹாலோவில் ஐந்து, ஏழு, எட்டில் மட்டும் லேசான கோடு. அதாவது பதினோரு வருடமாக ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசையின் ஒரே கட்டத்துக்குள் சுற்றி வந்திருக்கிறேன். மற்றபடி கன்னி கழியாத ஃபிரெட்டுகள்.

நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் தேய்மானமே இல்லை.

ஆக ஜனவரி 9-இல் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பிளைவுட்தான்.

ஜனவரி 13

மேலே சொன்ன சோதனையில் ஓட்டை இருக்கிறது, அதை நீங்கள் சுட்டிக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன் என்று பார்த்தால், மூன்று பேர் முந்திவிட்டீர்கள்.

ஒன்று, நைலான் ஃபிரெட்டை அவ்வளவாகத் தேய்க்காது. எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இழுக்கின்றன, நைலானில் அது 40 பக்கம்தான். உலோகத்தின் மேல் உலோகம் உரசுவதும் பிளாஸ்டிக் உரசுவதும் ஒன்றாகுமா? அந்தக் கிளாசிக்கலை நான் தினமும் வாசித்திருந்தாலும் சாட்சி இருந்திருக்காது. (தினமும் வாசிக்கவில்லை. அது வேறு.)

இரண்டு, ஃபிரெட்டுகள் எல்லாம் ஒரே உலோகம் இல்லை. வழக்கமாகப் போடுவது நிக்கல் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே வெள்ளி கிடையாது, தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும். சிலவற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுகிறார்கள், அது லேசில் தேயாது. ஸ்டீல் ஃபிரெட் போட்டவர் தன் கிட்டாரை எவ்வளவு கொஞ்சினாலும் தடயம் விடமாட்டார்.

மூன்றாமவர் சொன்னதுதான் வலித்தது: "தேய்ந்திருக்கிறது என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமா? என் செருப்புகூடத்தான் தேய்ந்திருக்கிறது."

ஜனவரி 14

செருப்பு விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 16

தேய்மானம் என்று வந்துவிட்டால் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் கிட்டாரான 'ட்ரிக்கர்' பேச்சை எடுக்காமல் இருக்க முடியாது. மார்ட்டின் என்-20, நைலான் தந்திக் கிட்டார், 1969-இலிருந்து அவரிடம் இருக்கிறது. கிளாசிக்கல் கிட்டாரை விரலால் மீட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் அதன் மேல்பலகைக்குக் காப்புத் தகடு வைப்பதில்லை. இவர் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து வாசித்தார். வருடக்கணக்கில் பிக்கும் விரலும் உரசி உரசி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் பலகையே ஓட்டை விழுந்துவிட்டது. இப்போது அந்தக் கிட்டாருக்கு இரண்டு துளை. ரிப்பேர் பார்த்துப் பார்த்து அதையே வாசிக்கிறார்.

அயர்லாந்து கிட்டாரிஸ்ட் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஃபெண்டர் கம்பெனியின் எலெக்ட்ரிக்) இன்னொன்று. வியர்வை பட்டுப் பட்டுப் பெயிண்ட் முக்கால்வாசி உரிந்து மரம் தெரியும். இன்று தொழிற்சாலையிலேயே அந்த மாதிரிச் சுரண்டிப் பழசாக்கி விற்கிறார்கள். அடுத்தவர் வியர்வையைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனால் வாங்கியவர்கள் யாரும் இங்கே சண்டைக்கு வர வேண்டாம். ஒன்றை வாசித்துப் பார்த்தேன், கழுத்தின் பின்பக்கம் வழவழவென்று சுகமாகத்தான் இருந்தது.

இவர்கள் இருவருக்கும் நேர் எதிர் ப்ளூஸ் மேதை பி.பி. கிங். 1949-இல் ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற ஊரில் வாசித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் அடித்துக்கொண்டு மண்ணெண்ணெய்க் கணப்பைக் கவிழ்த்துவிட, கட்டடம் பற்றிக்கொண்டது. வெளியே ஓடி வந்தவர் கிட்டாரை விட்டுவிட்டோமே என்று திரும்ப உள்ளே போய் எடுத்து வந்தார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரிந்ததாம். இப்படி முட்டாள்தனம் இனி செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள அந்தப் பெயரைக் கிட்டாருக்கு வைத்தார். அப்புறம் வந்த ஒவ்வொரு கிட்டாரும் லூசில்தான். எஃப் துளைக்குள் துணியைத் திணித்து ஊளையை அடக்குவார். 1980-இல் கிப்சன் அவர் பெயரில் போட்டபோது துளையே இல்லாமல் செய்து கொடுத்தது.

ட்ரிக்கர் ஒரு பொருள். லூசில் ஒரு பதவி. ஆள் மாறலாம், நாற்காலி அதேதான். கேள்வி கேட்டவர் எதைக் கேட்டார் என்று தெரிந்தால் நல்லது.

ஜனவரி 17

பதில் வந்துவிட்டது: "பொருள்." சரி.

ஜனவரி 21

"தானே செய்த கிட்டாருக்கு ஈடு எதுவும் கிடையாது" என்று ஒருவர் குவீன் இசைக்குழுவின் பிரையன் மேயை இழுத்து வந்திருக்கிறார். இழுக்க வேண்டியவர்தான். 1963-இல் அப்பாவோடு உட்கார்ந்து செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பு மேடையின் மகாகனி. அதிலிருந்த பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். சுருதியை ஆட்டும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அதன் கைப்பிடி நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. கழுத்தில் இருக்கும் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டிச் சிப்பிப் பொத்தான்கள். ஸ்டேடியம் ஸ்டேடியமாக வாசித்தது இதைத்தான். பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு நானும் ஒரு காலத்தில் உடல் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் வாங்கி ஃபெண்டரின் டெலிகாஸ்டர் மாதிரி ஒன்றைச் சேர்த்தேன். பெயிண்ட் பிரமாதம். தந்தி மாட்டினேன், ட்யூன் செய்தேன், திறந்த தந்தியில் ஈ சரியாக இருந்தது, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் வேறு ஏதோ ஊர்க்காரன் குரல். பன்னிரண்டாவது ஃபிரெட் என்பது நட்டுக்கும் (தலைப்பக்கம் தந்தி அமரும் பட்டை) சாடிலுக்கும் (உடல் பக்கம் தந்தி அமரும் பட்டை) நட்டநடு, தந்தியின் சரிபாதி, அங்கே அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். ஃபெண்டர் அளவில் முழு நீளம் 648 மில்லிமீட்டர். நான் சாடிலைத் தாங்கும் பிரிட்ஜை ஐந்து மில்லிமீட்டர் தள்ளித் துளை போட்டிருந்தேன். சாடில் திருகை முழுக்கத் திருகியும் எட்டவில்லை. துளையை அடைத்து மறுபடி போட்டேன். அடைத்தது தீக்குச்சியால்தான், அந்த மட்டில் நானும் பிரையன் மேயும் ஒன்று.

அந்தக் கிட்டார் பிடித்ததா? பெருமையாக இருந்தது. வாசித்ததைவிட வந்தவர்களுக்குக் காட்டியதுதான் அதிகம்.

ஜனவரி 24

இரவல் கிட்டார் பற்றி யாருமே பேசவில்லையே. என் வாழ்க்கையில் அதிகம் உலுக்கியது இரவல்தான். நண்பர் ஒருவரின் மார்ட்டின் டி-28, ஒரே ஒரு சாயங்காலம். ஜி கார்டைத் தட்டியதும் விலா எலும்பில் அதிர்வு. பலகை மார்போடு ஒட்டியிருப்பதால் கேட்பதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து பிளைவுட்டைத் தொடவே மனசு வரவில்லை, நான்கு நாள்.

பிறகுதான் உறைத்தது. அவர் வைத்திருந்தது புதுத் தந்தி, என்னுடையது துரு. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அவருடைய தந்தி ஃபிரெட்டிலிருந்து நிற்கும் உயரம் 2 மில்லிமீட்டர், என்னுடையது 3.5. அந்த உயரத்தில் எஃப் கார்ட் பிடிப்பது கிட்டார் வாசிப்பு இல்லை, தேகப்பயிற்சி. நான் மயங்கியதில் பாதி மரத்துக்கு, பாதி ஒழுங்காக செட் பண்ணியதற்கு. சாடிலைக் கழற்றி அடிப்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் உப்புத்தாளில் தேய்த்தேன், பிளைவுட் ஆளே மாறிவிட்டது.

ஜனவரி 25

திருத்தம். ஒன்றரை இல்லை, மூன்று. பன்னிரண்டாம் ஃபிரெட் தந்தியின் நடுப்புள்ளி என்று நான்தான் நான்கு நாள் முன்பு வகுப்பெடுத்தேன். சாடிலில் எவ்வளவு குறைக்கிறோமோ அதில் பாதிதான் அங்கே இறங்கும். ஒன்றரை இறங்க மூன்று தேய்க்க வேண்டும். என்னைப் பார்த்து யாராவது ஒன்றரை தேய்த்திருந்தால் கவலை வேண்டாம், இன்னும் தேய்க்கலாம். மூன்று தேய்க்க வேண்டிய இடத்தில் ஆறு தேய்த்தவர்தான் அழ வேண்டும். அப்புறம், மூன்று தேய்ப்பதற்குச் சாடில் அந்த அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 2

விற்றுவிட்டு அழுத கதைகள் குவிகின்றன. எனக்கு அந்த விஷயத்தில் ஈரம் கொஞ்சம் குறைவு. நான் சேர்த்த அந்த டெலிகாஸ்டரை விற்றேன், இரண்டு வாரம் சுவரில் ஆணி மட்டும் தெரிந்தது, பிறகு அங்கே நாட்காட்டி மாட்டினேன்.

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 1970-இல் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தையும் பிக்கப்பையும் மாற்றிக்கொண்டே இருந்தார். 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தன் கிட்டார்களோடு அதையும் ஏலத்தில் விட்டார். அது ஒன்றே 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. பணத்தைப் பருவநிலைக்காக வழக்காடும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைப் பிரித்து நல்ல பாகங்களை மட்டும் சேர்த்தது. 2004-இல் அதையும் ஏலம் விட்டு, அடிமைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காகத் தான் தொடங்கிய மையத்துக்குக் கொடுத்தார். இவர்களைவிடவா நமக்கு அந்தக் கட்டை மேல் உரிமை அதிகம்?

சரி, அவர்களுக்கு விற்ற பிறகும் வாசிக்க வேறு இருந்தன என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது.

பழுதே பெருமையான கதையும் உண்டு. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீனுடைய 1959 கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மூக்கால் பாடுவது போல ஒல்லியான ஒரு குரல் மிஞ்சும். யாரும் சரி செய்யவில்லை. கிட்டாரிஸ்ட் கேரி மூர் கைக்குப் போனது, பல கை மாறி இப்போது மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம். சரி செய்திருந்தால் நல்ல கிட்டார்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

பிப்ரவரி 5

கமகம் வாசிக்கிற ஒருவர் கேட்டிருந்தார், ஃபிரெட்டே தடையாக இருக்கும்போது எந்தக் கிட்டார் பிடிக்கும் என்று. 1970-களில் இந்திய, மேற்கத்திய இசையைக் கலந்த சக்தி குழுவுக்காக கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின் செய்துகொண்ட அக்கூஸ்டிக் ஞாபகம் வருகிறது. ஃபிரெட்டுகளுக்கு நடுவில் உள்ள மரத்தைக் கிண்ணம் போலக் குடைந்திருப்பார்கள். விரல் மரத்தில் படாது, தந்தியைத் தாராளமாக இழுக்கலாம், அழுத்தவும் செய்யலாம். ஒலித்துளைக்குக் குறுக்கே ஏழு அனுதந்திகள் (கூடச் சேர்ந்து ஒலிக்கும் தந்திகள்) வேறு. எல். சங்கரின் வயலினுக்கும் விக்கு விநாயக்ராமின் கடத்துக்கும் நடுவில் அது வீம்புக்கு நிற்கவில்லை, ஒண்டிக்கொண்டது. நான் அப்படிக் குடைந்த கழுத்து ஒன்றை வாசித்துப் பார்த்திருக்கிறேன். பார் கார்ட் (ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்துவது) பிடித்தேன், அழுத்தம் கூடி எல்லாத் தந்தியும் சுருதி ஏறிவிட்டது. என் முரட்டுக் கைக்கு ஒத்துவராது.

பேச்சுவாக்கில் ஒன்று: வீணையில் ஃபிரெட்டுக்குப் பெயரே மெட்டுதான். 24 மெட்டு, மெழுகில் பதித்தது. இத்தனை நாள் நான் "ஃபிரெட் தேய்ந்தது" என்று எழுதியதை "மெட்டு தேய்ந்தது" என்று படித்துப் பாருங்கள். சி, ஏ மைனர், ஜி, டி மட்டுமே போட்டவனுக்கு ரொம்பப் பொருத்தம்.

பிப்ரவரி 18

பிளைவுட்டை ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிட்டேன். முதல் ஃபிரெட்டில் இரண்டாம் தந்தி கொஞ்ச நாளாக ஜிர்ரென்று இரைந்தது, பள்ளத்தில் இறங்கிய தந்தி அடுத்த ஃபிரெட்டில் உரசுகிறது. எல்லா ஃபிரெட்டையும் அரத்தால் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் பார்த்துவிட்டு, பள்ளத்தின் ஆழத்துக்கு மட்டம் செய்தால் ஃபிரெட்டே மிஞ்சாது, முதல் ஐந்தைப் பிடுங்கிப் புதுசு போட வேண்டும் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "சார், இந்தக் கிட்டாருக்கு இவ்வளவு வேலை தேவையா?" என்றார்.

தேவைதான் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜனவரி 9-இலிருந்து படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 27

பிளைவுட் இல்லாத வீட்டில் ஒன்பதாவது நாள். கை சோபா ஓரத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. நேற்று சூட்கேஸை நகர்த்திச் செமி ஹாலோவை வெளியே எடுத்தேன். தந்தியெல்லாம் கறுத்துவிட்டது, மாற்றினேன். ஏ மைனர் கட்டத்துக்குள் போகக் கூடாது என்று எனக்கு நானே தடை. ஒன்பதாம் ஃபிரெட் பக்கம் ஒரு சி மேஜர் இருக்கிறது என்பது தெரிந்த விஷயம்தான், அங்கே குடியிருக்கலாம் என்பதுதான் தெரியாது.

மார்ச் 6

வந்துவிட்டது. வேலை சுத்தம். பிடுங்கிய ஐந்து ஃபிரெட்டையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார், கேட்காமலே.

சி பிடித்தேன். இரைச்சல் இல்லை. மணி போல இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கிறது. அந்த ஜிர்ரைக் கிட்டாரின் குரல் என்றே நினைத்துப் பழகியிருக்கிறேன் போலிருக்கிறது. விரலும் தடுமாறுகிறது, முன்பெல்லாம் தந்தி தானாகப் பள்ளத்தில் போய் உட்காரும். பீட்டர் கிரீன் கதையை நான்தான் எழுதினேன், எழுதிவிட்டு நான்தான் கொண்டுபோய்ச் சரி செய்தேன்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் இரண்டு மாதமாகப் பொறுமையாக இருந்துவிட்டு இன்று காலை "கடைசியாக எது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

பிளைவுட் சோபா ஓரத்துக்குத் திரும்பிவிட்டது. செமி ஹாலோ இன்னும் பெட்டிக்குள் போகவில்லை, எதிர் நாற்காலியில் இருக்கிறது, உட்கார வருகிறவர்கள் முறைக்கிறார்கள். இன்று காலை எதை எடுத்தேன் என்பதை வேண்டுமென்றே கவனிக்கவில்லை. இரண்டு ஃபிரெட் பலகைகளையும் துடைத்து வைத்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்ல ஒரு பத்து வருடம் தவணை கொடுங்கள்.